பிடித்ததை விடுதல்

ஆர்கன்சா மாநிலத்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் பெண்டன்வில் என்ற ஊரை ஐடி வேலையில் இருக்கும் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வால்மார்ட்டின் தலைமையகம் அங்கே இருப்பதால், நம்மூர்க் கம்பெனிகளிலிருந்து யாராவது ஒருவர் எப்போதும் அங்கே ஆன்சைட்டில் இருப்பார். நானும் ஒன்றரை வருஷம் இருந்தேன். அங்கிருந்து அரைமணி நேரம் கிழக்கே கார் ஓட்டினால் பீவர் ஏரி. ஒரு செப்டம்பர் மாதச் சனிக்கிழமை விடியற்காலையில், என் டீமில் இருந்த ஐம்பத்தைந்து வயது அமெரிக்கர் ஒருவர் என்னைத் தன் படகில் அந்த ஏரிக்குக் கூட்டிப்போனார். முந்தின நாளே எனக்கொரு மீன்பிடி லைசென்ஸ் வாங்க வைத்திருந்தார்.

காலை ஏழரை மணிவாக்கில் என் தூண்டிலில் ஒரு மீன் மாட்டியது. ஒன்றரைக் கிலோ இருக்கும். கரும்பச்சை முதுகு, பக்கவாட்டில் கறுப்புப் பட்டை, கண்ணையும் தாண்டிப் பின்னால் போகிற வாய். லார்ஜ்மவுத் பாஸ். பெயருக்கே பெரியவாயன் என்றுதான் அர்த்தம். நான் சிவகங்கைப் பக்கத்தில் ஒரு கண்மாய்க் கரையில் வளர்ந்தவன். மீனைப் பார்த்ததும் என் மனசு நேராகப் புளிக்குழம்புச் சட்டிக்குப் போய்விட்டது. அவர் மீனின் கீழுதட்டைக் கட்டைவிரலால் பிடித்து, முள்ளைக் கழற்றி, என் கையில் கொடுத்து ஒரு போட்டோ எடுத்தார். பிறகு மீனை வாங்கித் தண்ணீருக்குள் வைத்துக் கையைத் திறந்தார். வாலை ஒரு தட்டுத் தட்டியது. போயே போச்சு.

மதியத்துக்குள் ஒன்பது மீன் பிடித்தோம். ஒன்பதையும் விட்டோம். ராத்திரி அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"பிடிச்ச மீனையா திரும்ப விட்டீக?"

"ஆமாம்மா. இங்க அப்படித்தான்."

"திங்கிறதுக்கு இல்லேன்னா எதுக்குடா அதப் புடிக்கணும்? பாவம், வாய் கிழிஞ்சிருக்குமே."

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து படிக்க ஆரம்பித்தபோதுதான், பிடித்த மீனை விடுவது என்ற சின்னக் காரியத்துக்கு ஒரு வரலாறு இருப்பதும், அது தொடங்கிய இடங்களில் ஒன்று நான் நின்ற அதே ஏரிதான் என்பதும் தெரியவந்தது.

*

முதலில் அந்தச் செப்டம்பரைச் சொல்லிவிடுகிறேன். ஏன் அந்த மாதம்?

பாஸ் நம்ம ஊர் விரால் மாதிரி ஒரு மீன். உறவுமுறையில் இரண்டுக்கும் சம்பந்தமில்லை, குணத்தில் ஒற்றுமை உண்டு. பாசிக்கும் மூழ்கிய மரத்துக்கும் அடியில் பதுங்கியிருந்து, பக்கத்தில் எது வந்தாலும் ஒரே பாய்ச்சலில் விழுங்கும். வசந்தத்தில் ஆண்மீன் ஆழமில்லாத இடத்தில் தரையைத் துடைத்துக் கூடு அமைத்து, முட்டைகளையும் பொரிந்த குஞ்சுகளையும் காவல் காக்கும். கோடையில் மேல்தண்ணீர் சூடாகிவிடும். அடித்தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துவிடும். நடுவில் உள்ள ஒரு பட்டையில் மீன்கள் சோம்பிக் கிடக்கும்.

செப்டம்பரில் இரவுகள் குளிர ஆரம்பிக்கின்றன. ஓசார்க் மலைக்காடு இன்னும் பச்சையாகத்தான் இருக்கும், அங்கங்கே சுமாக் புதர்கள் மட்டும் சிவந்திருக்கும். மேல்தண்ணீர் ஆறத் தொடங்கியதும், ஷாட் என்ற வெள்ளி நிறப் பொடிமீன்கள் கூட்டங்கூட்டமாக ஏரியின் நடுப்பகுதியை விட்டு ஓடைகள் வந்து சேரும் கைகளுக்குள் நுழைகின்றன. பாஸ் அவற்றின் பின்னாலேயே வருகிறது. குளிர்காலத்துக்கு முன்னால் உடம்பில் கொழுப்புச் சேர்க்க வேண்டிய அவசரம். சில காலைகளில் தண்ணீரின் மேல்பரப்பு உலை கொதிப்பதுபோலத் துள்ளும்: கீழிருந்து பாஸ் துரத்த, ஷாட் கூட்டம் மேலே சிதறுகிறது. அதற்குள் வெள்ளி நிறப் பொய்யிரை ஒன்றை வீசினால் போதும், என்னைப் போன்ற கத்துக்குட்டிக்கும் மாட்டும். மறுநாள் அந்தக் கூட்டம் வேறெங்கோ போயிருக்கும். தேடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் இலையுதிர்காலத் தொடக்கம் சுலபமான பருவம் என்றும் சொல்கிறார்கள், கடினமான பருவம் என்றும் சொல்கிறார்கள். இரண்டும் சரி.

*

இந்த மீனின் எழுதப்பட்ட வரலாறு குழப்பத்தில்தான் தொடங்குகிறது. 1802இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லாசெபேத், இதற்கு நெருங்கிய உறவான ஸ்மால்மவுத் பாஸுக்கு மைக்ரோப்டெரஸ் என்று பெயர் வைத்தார். 'சிறிய துடுப்பு' என்று பொருள். அவரிடம் வந்த மாதிரியின் முதுகுத் துடுப்பு சேதமாகி, ஒரு துண்டு தனியாக நின்றிருக்கிறது. அதையே ஒரு தனி இனத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டார். பெரியவாயனுக்கு, அமெரிக்காவின் தெற்கே இருந்து லூயி போஸ்க் என்பவர் தந்த விவரங்களை வைத்து, சால்மாய்டெஸ் என்று பெயரிட்டார், சால்மன் போன்றது என்று. தோற்றத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. தெற்கத்திக்காரர்கள் அதை 'ட்ரவுட்' என்று அழைத்ததன் விளைவு. கதை அதோடு முடியவில்லை. போஸ்க் கண்ட தென்கரோலினா மீன் உண்மையில் ஃப்ளோரிடா பாஸ் என்ற வேறொரு இனம் என 2022இல் மரபணு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆகவே சால்மாய்டெஸ் என்ற பெயர் அதற்குப் போய், பெரியவாயன் இப்போது மைக்ரோப்டெரஸ் நிக்ரிகன்ஸ். 220 வருஷம் ஒரு வேரியபிளுக்குத் தப்பான பெயரை வைத்து ஓட்டியிருக்கிறார்கள். கோட் ரிவ்யூ தாமதமாவது நம் தொழிலில் மட்டும் இல்லை.

பெயர் எப்படியிருந்தாலும், இந்த மீனின் சொந்த ஊர் வட அமெரிக்காவின் கிழக்கும் நடுவும்தான். ராக்கி மலைகளுக்கு மேற்கே இது கிடையாது. அங்கே இதைக் கொண்டுபோனவர்கள் மனிதர்கள். 1871இல் அமெரிக்க அரசு மீன்வள ஆணையத்தை அமைத்தது. குறைந்துவரும் மீன்வளத்தைப் பெருக்குவது நோக்கம். கொஞ்ச காலத்தில் குஞ்சு மீன்களைப் பால் கேன்களில் அடைத்து ரயிலில் ஏற்றி நாடு முழுக்க அனுப்பத் தொடங்கினார்கள். 1881இல் ஜேம்ஸ் ஹென்ஷால் என்ற மருத்துவர் பாஸுக்காகவே ஒரு தடித்த புத்தகம் எழுதினார். ட்ரவுட் கனவான்களின் மீன், பாஸ் பட்டிக்காட்டு மீன் என்றிருந்த காலம் அது. எடைக்கு எடை வைத்துப் பார்த்தால் தூண்டிலோடு போராடுவதில் பாஸுக்கு இணை இல்லை என்று அவர் வாதிட்டார். கேன்களில் பாஸுக்கும் இடம் கிடைத்தது.

அன்றைக்கு 'மீனை விடுவது' என்றால் இதுதான் அர்த்தம்: இல்லாத தண்ணீரில் கொண்டுபோய் விடுவது. அது ஒரு பொதுநலச் சேவையாக எண்ணப்பட்டது. பிடித்த மீனை விடுவதைப் பெரும்பாலானோர் யோசித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பிடித்தது சாப்பாடு.

இதற்கு ஜார்ஜ் பெர்ரியை விடப் பொருத்தமான சாட்சி இல்லை. பொருளாதாரப் பெருமந்தக் காலத்து ஜார்ஜியாவில் ஏழை விவசாயி. அப்பா இறந்துவிட்டார், குடும்பப் பாரம் அவர் தலையில். 1932 ஜூன் 2 அன்று மழை பெய்து நிலம் உழ முடியாதபடி ஈரமாக இருந்ததால், நண்பர் ஒருவருடன் மான்ட்கோமரி ஏரிக்கு மீன்பிடிக்கப் போனார். ஏரி என்று பெயர்தானே தவிர, ஆறு தடம் மாறியபோது விட்டுச்சென்ற ஒரு வளைவுக் குட்டை அது. அங்கே அவருக்குக் கிடைத்த பாஸ் 22 பவுண்ட் 4 அவுன்ஸ், பத்துக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. பக்கத்து ஊரில் எடைபோட்டு, ஒரு பத்திரிகையின் போட்டிக்கு விவரத்தை அனுப்பினார். 75 டாலர் பெறுமானமுள்ள பொருட்கள் பரிசாக வந்தன. மீன்? வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். உலக சாதனை மீன் ஒரு குடும்பத்தின் பசியை ஆற்றியது. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அது நல்ல புள்ள" என்றார்.

*

அடுத்த முப்பது நாற்பது வருஷங்களில் அமெரிக்கா அணைகளாகக் கட்டித் தள்ளியது. மின்சாரத்துக்கும் வெள்ளத் தடுப்புக்கும் கட்டப்பட்ட அணைகளின் பின்னால், மரங்களோடும் வேலிகளோடும் பள்ளத்தாக்குகள் மூழ்கின. மூழ்கிய மரம் பாஸுக்குச் சொர்க்கம். ஒயிட் ஆற்றின் குறுக்கே ராணுவப் பொறியாளர் படை 1960 முதல் 1966 வரை கட்டிய அணையால் உருவானதுதான் பீவர் ஏரி. சுமார் 28,000 ஏக்கர். நான் படகில் போனபோது எதிரொலிக்கருவியின் திரையில் ஒரு பழைய ஓடையின் தடம் தெளிவாகத் தெரிந்தது. அதன் கரையோரம் நிமிர்ந்த கோடுகளாகப் பட்டுப்போன மரங்கள். மீன்கள் அந்த ஓடை இன்னும் ஓடுவதுபோல அதன் ஓரத்தையே பிடித்துப் போகின்றன என்றார் என் நண்பர்.

அணை கட்டி முடிந்த மறு வருஷம் அங்கே வந்து சேர்ந்தவர் ரே ஸ்காட். அலபாமாவில் இன்ஷூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தவர். மீன்பிடிக்கப் போன ஒரு நாள் மழையால் கெட்டுப்போய், மோட்டலில் உட்கார்ந்து டிவியில் கூடைப்பந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, மீன்பிடித்தலுக்கும் ஏன் இப்படி ஒரு போட்டி இருக்கக்கூடாது என்று அவருக்குத் தோன்றியதாம். ஜூன் 1967இல் பீவர் ஏரியில் அதை நடத்தியே விட்டார். 13 மாநிலங்களிலிருந்து 106 பேர், தலைக்கு 100 டாலர் நுழைவுக் கட்டணம். அடுத்த வருஷம் பாஸ் மீன்பிடிப்போருக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். 1971 அக்டோபரில் சாம்பியன்களுக்கான முதல் கிளாசிக் போட்டி. 24 பேரை விமானத்தில் ஏற்றி, வானத்தில் போகும்போதுதான் எந்த ஏரி என்று சொன்னார்கள்: நெவாடாவின் மீட் ஏரி. ஹூவர் அணை பாலைவனத்தில் உண்டாக்கிய ஏரி, மனிதர்கள் கொண்டுவந்து விட்ட மீன். யாரும் முன்கூட்டிப் போய்ப் பழகாத தண்ணீர். அதில் இலையுதிர்கால பாஸைத் தேடி ஜெயித்த பாபி மர்ரிக்கு 10,000 டாலர்.

போட்டியின் பெரிய காட்சி எடைபோடுவதுதான். மீன்களைக் கயிற்றில் கோத்துத் தூக்கிக் காட்டுவார்கள். எல்லாம் செத்த மீன்கள். போட்டிகள் பெருகப் பெருக, 'ஏரியைக் காலி பண்ணுகிறார்கள்' என்று உள்ளூர்க்காரர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். ஸ்காட் வியாபாரி, முணுமுணுப்பின் விலை அவருக்குத் தெரியும். கொலராடோவில் ஈத்தூண்டில்காரர்கள் ஒரு ட்ரவுட்டைப் பிடித்து விட்டுவிட்டுக் கொண்டாடியதைப் பார்த்தவர் அவர். 1972இல் தன் போட்டிகளில் புது விதியைக் கொண்டுவந்தார். மீனை உயிரோடு கொண்டுவந்தால் கூடுதல் மதிப்பெண். எடைபோட்டபின் ஏரியிலேயே விட்டுவிட வேண்டும். அதற்காகப் படகுகளில் காற்றூட்டிய தண்ணீர்த் தொட்டிகள் வந்தன.

பத்திருபது வருஷத்தில் அது விதி என்ற நிலையைத் தாண்டி ஒழுக்கமாகிவிட்டது. பிடித்த பாஸை வீட்டுக்குக் கொண்டுபோவது கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய காரியம் என்றானது. இதில் வியாபாரம் உண்டுதான், உயிரோடிருக்கும் மீன்தான் அடுத்த வாரப் போட்டிக்கு மூலதனம். ஆனால் அதே ஸ்காட் 1970இல், தண்ணீரை மாசுபடுத்திய 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டவரும்கூட. மனிதர்களை ஒரே கோப்பில் போட்டு மூட முடிவதில்லை.

அம்மா கேட்ட 'வாய் கிழிஞ்சிருக்குமே' என்பதும் லேசுப்பட்ட கேள்வி இல்லை. விடப்பட்ட மீன்களில் ஒரு பகுதி பிறகு சாகத்தான் செய்கிறது. தண்ணீர் எவ்வளவு சூடோ அவ்வளவுக்கு ஆபத்து அதிகம். அந்த வகையிலும் கோடையைவிட இலையுதிர்காலம் மீனுக்கு நல்லது. அன்று காலை என் நண்பர் கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட்டார், உலர்ந்த கை அதன் வழவழப்பைத் துடைத்துவிடும் என்று. கோவிலுக்குள் போகிறவரின் கவனம் அதில் இருந்தது.

*

இந்த ஒழுக்கம் தலைகீழாகிற ஓர் இடம் உண்டு. ஜப்பானில் ஷிகா மாகாணத்தின் பிவா ஏரி.

1925இல் அகபோஷி டெட்சுமா என்ற தொழிலதிபர், அமெரிக்காவிலிருந்து பாஸைக் கொண்டுவந்து ஹகோனே பக்கத்து ஆஷி ஏரியில் விட்டார். பல பத்தாண்டுகள் அது பெரிதாகப் பரவவில்லை. பிறகு அமெரிக்கப் பாணித் தூண்டில் விளையாட்டு பிரபலமாக, யார் யாரோ ஏரி ஏரியாகக் கொண்டுபோய் விட்டார்கள். 1974இல் பிவாவில் பாஸ் தென்பட்டது.

பிவா, உலகின் மிகப் பழைய ஏரிகளில் ஒன்று. நாற்பது லட்சம் வருஷங்கள் என்று கணக்கிடுகிறார்கள். வேறெங்கும் இல்லாத உயிரினங்கள் அதில் வாழ்கின்றன. அவற்றில் ஒன்றான நிகொரோபுனா என்ற கெண்டை வகையை உப்பிலும் சோற்றிலும் புளிக்கவைத்துச் செய்வதுதான் ஃபுனாசூஷி, இன்றைய சுஷிக்கெல்லாம் பாட்டி முறை. பெரியவாயன்களை அறியாத அந்த மீன்களுக்குப் பதுங்கத் தெரியவில்லை. நாணல் ஓரங்களில் வளர்ந்த குஞ்சுகளைப் பாஸ் தின்றது. பாஸோடு ப்ளூகில் என்ற இன்னொரு அமெரிக்க மீனும் முட்டைகளைத் தின்றது. அது 1960இல் பட்டத்து இளவரசர் அகிஹிட்டோ சிகாகோ போனபோது பரிசாகக் கிடைத்தது. உணவு மீனாக வளர்க்கலாம் என்று ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொடுத்திருந்தார். அவரே ஒரு மீனியல் ஆய்வாளர். 2007இல், பேரரசராக ஷிகாவுக்கு வந்த அவர், அந்த மீன் இப்படிப் பரவியது தன் மனதை வருத்துவதாக வெளிப்படையாகச் சொன்னார்.

அதற்கு முன்பே, 2003இல், ஷிகா மாகாணம் ஒரு சட்டத்தை நடைமுறைப்படுத்தியிருந்தது: பிவாவில் பாஸையோ ப்ளூகில்லையோ பிடித்தால் திரும்ப ஏரியில் விடக்கூடாது. கரையெங்கும் பிடித்த மீனைப் போடுவதற்குப் பெட்டிகள் வைத்தார்கள். பிடித்து விடுவதையே அறமாகக் கற்றிருந்த ஜப்பானியத் தூண்டில்காரர்கள் கொதித்துப் போனார்கள். ஓர் உயிரைக் காரணமில்லாமல் கொன்று பெட்டியில் வீசச் சொல்கிறீர்களே என்று கேட்டார்கள். மாகாணத்திடம் இருந்த பதில், நீங்கள் விடும் ஒவ்வொரு பாஸும் எத்தனை உயிர்களைத் தின்னும் என்பது. இரண்டு பக்கமும் பேசியது கருணையைத்தான். பாஸை உயிரோடு கொண்டுசெல்வதையும் வேறிடத்தில் விடுவதையும் 2005 முதல் தேசியச் சட்டமும் தடை செய்தது.

2009 ஜூலை 2 அன்று அதே பிவாவில் மனாபு குரிட்டா பிடித்த பாஸ் 10.12 கிலோ. பெர்ரியின் மீனைவிட ஒரு அவுன்ஸ்கூட முழுசாக அதிகமில்லை. பழைய சாதனையை முறியடிக்க இரண்டு அவுன்ஸ் கூடுதல் வேண்டும் என்பது விதி. அதனால் ஜார்ஜியாவின் ஆற்றுக் குட்டையும் ஜப்பானின் புராதன ஏரியும் சாதனையைப் பங்குபோட்டுக்கொண்டன. குரிட்டா போட்ட இரை என்ன தெரியுமா? உயிருள்ள ப்ளூகில்.

குவாதமாலாவின் அதித்லான் ஏரியில் விஷயம் இன்னும் மோசம். சுற்றுலாவுக்காக 1958இல் பாஸை விட்டார்கள். அந்த ஏரியில் மட்டுமே வாழ்ந்த, பறக்க முடியாத ஒரு பெரிய முக்குளிப்பான் பறவை 1980களின் முடிவில் இல்லாமல் போனது. நாணல் அழிப்பு, 1976 பூகம்பத்துக்குப்பின் நீர்மட்டம் இறங்கியது என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் அதன் இரையைப் பறித்துக்கொண்ட பாஸின் பங்கை யாரும் மறுப்பதில்லை. பாஸைக் குற்றம் சொல்லவும் முடியாது. அது தன் வாய்க்கு ஏற்றபடி வாழ்ந்தது. கேன்களைத் திறந்த கைகள் வேறு.

*

மறு வருஷம் செப்டம்பரில், ஊர் திரும்புவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது, நண்பர் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை ஏரிக்கு இல்லை, அவருடைய அப்பா வெட்டிய பண்ணைக் குளத்துக்கு. ஒரு ஏக்கர்கூட இருக்காது. ஒரு மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பாஸ் மாட்டின. எல்லாமே ஒரே அளவு, சாண் நீளம், தலை பெருத்து உடம்பு ஒடுங்கியவை. நான் முதல் மீனின் முள்ளைக் கழற்றி, கற்றுக்கொண்டபடி கையை நனைத்து, குனிந்து தண்ணீரில் விடப் போனேன்.

"இங்கே விடாதே" என்றார். வாளியைக் காட்டினார்.

ஒரு கணம் அவரை ஏறிட்டுப் பார்த்தேன். வருஷக்கணக்காக யாரும் இந்தக் குளத்தில் மீனை எடுக்கவில்லை, எல்லாரும் பிடித்துப் பிடித்து விட்டார்கள், இப்போது இரை பற்றாமல் எல்லாம் நோஞ்சானாகிக் கிடக்கின்றன என்றார். மாநில மீன்வளத் துறைக்காரர்கள் குட்டையான பாஸ்களை எடுத்துச் சாப்பிடச் சொல்லிவிட்டார்களாம். சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் கூச்சம் இருந்தது. நாற்பது வருஷமாக விட்ட கை.

வாளி நிறைந்தது. என் அப்பார்ட்மெண்டில் வைத்து மீனை அலசினேன். அம்மா வீடியோ காலில் வந்து, செவுளை எடு, உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய், புளி அதிகம் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நண்பரும் வந்திருந்தார். வெள்ளைச் சதை, விராலைவிட மென்மை, வாசனை குறைவு. அவர் சோற்றைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டே, பாஸைச் சின்ன வயசில் அப்பா வறுத்துக் கொடுத்தபோது கடைசியாகச் சாப்பிட்டது என்றார்.

"என்ன சொல்றாரு?" என்று அம்மா போனிலிருந்து கேட்டார்.

"நல்லாருக்காம்."

"முள்ளு பாத்து சாப்பிடச் சொல்லு" என்றார் அம்மா.